சிற்றெஞ்சின் ஒன்று பிறந்த கதை

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவர்களிடம், தத்தம் தந்தையார் அல்லது தாயார் செய்யும் தொழிலைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுமாறு கேட்டிருந்தோம். ஒரு மாணவன் ஒரேயொரு வாக்கியத்துடன் தாளை நீட்டினான். "என் அப்பா பக்டரியில் வேலை செய்கிறார்" என்பதே அந்த வாக்கியம். மிகுதி நான்கும் எங்கே என்று வினவினோம். "எனக்கு அவ்வளவுதான் தெரியும், சேர்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய தந்தையாரை நாம் நன்கறிவோம். ஸ்காபுரோவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. அவர் காலையில் வீடு திரும்பும்போது மகன் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். மகன் திரும்பும்போது அவர் மீண்டும் வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார். லேத் என்று நாம் வழமையாகக் கூறும் கடைசற்பொறியில் உருக்கையும் அலுமினியத்தையும் கடைந்து, தலைமயிரிலும் மெல்லிய அளவுக்குத் திருத்தமாகப் பாகங்கள் செய்பவர் அவர். இருபது ஆண்டுகளாக அந்த வேலையில் தேர்ந்த கை. ஆனால் அதனை மகனுக்கு வாயால் விளக்குவது எவ்வாறு என்று அவருக்குத் தெரியவில்லை. "சொன்னால் விளங்காது மாஸ்டர், செய்து காட்டினால்தான் விளங்கும்" என்றார்.

அவ்வாறு தொடங்கியதே இந்தச் சிற்றெஞ்சின். அவரது வீட்டு நிலவறையில் பழைய சிறு லேத் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் தந்தை, மகன், நாம் என மூவரும் அங்கே கூடினோம். வேலை முடிய எட்டு மாதங்கள் பிடித்தன. அதில் நாம் செய்தது குறைவு, கற்றுக்கொண்டது மிகுதி. கற்றதை எம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

"எஞ்சினை வீட்டிலா செய்வார்கள்? அது கடையில் வாங்குவதல்லவா?" என்று எமது துணைவியாரே கேட்டார். உண்மையில் எஞ்சின் முதலில் வீட்டுப் பொருளாகவே பலரிடம் பிறந்தது. நாலடிப்பு எஞ்சினை ஜேர்மனியரான நிக்கொலஸ் ஒட்டோ 1876இல் ஓட்டிக் காட்டியபின், உலகின் பல மூலைகளிலும் ஆர்வமுள்ளோர் தத்தம் கொட்டில்களில் அதனைச் செய்து பார்க்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர், ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் உள்ள டிற்றோயிற் நகரில் வாழ்ந்த ஹென்றி போர்ட். 1893ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி இரவு, நத்தார் விருந்துக்காகச் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கிளாராவின் குசினிக்குள் அவர் தமது முதல் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் அதனை இறுக்கிப் பூட்டினார். எரிவாயுக் குழாய்த் துண்டொன்றே அதன் உருளை. பழைய லேத் ஒன்றின் கைச்சில்லே அதன் பறப்புச் சில்லு. தீப்பொறிக்கு வீட்டு மின்சாரம். காபரேற்றர் இல்லை. கிளாராவே பக்கத்தில் நின்று பெற்றோலைத் துளித்துளியாக விட்டார். அவர்களுடைய மகன் எட்செல் பிறந்து அப்போது ஏழு கிழமைகள்தாம் ஆகியிருந்தன. எஞ்சின் ஓடியது, தொட்டியும் சேர்ந்து அதிர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1896 ஜூனில், அவர் கொட்டிலுக்குள் கட்டிய முதல் வண்டி வாசலால் வெளியே வராமற்போகவே செங்கற்சுவரை இடித்து வழி செய்தார் என்பதும் வரலாறு. வாசலை முன்னரே அளக்க மறந்தவர்தான் பின்னாளில் உலகத்துக்குக் கார் செய்து கொடுத்தார் என்பதை நினைக்கும்போது எமக்கு ஓர் ஆறுதல்.

அதே 1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற சிற்றூரில் ஜி. டி. நாயுடு பிறந்தார். ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கி, ஓடித் திரிவதற்குப் பதிலாகப் பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவர் அவர். பின்னர் 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்தார். அவருடைய கல்வி எல்லாம் கழற்றிப் பூட்டியதில் வந்தது.

இனி எமது எஞ்சினுக்கு வருவோம். மாணவர்கள் முதலில் அதன் உள்ளமைப்பை மனத்திற் கொள்ள வேண்டும். இடியப்ப உரலை எல்லோரும் கண்டிருப்பீர்கள். கீழே துளையுள்ள குழல். அதனுள் இறங்கும் ஒரு கட்டை. எஞ்சினும் அடிப்படையில் அதுவே. குழலுக்கு உருளை என்று பெயர். உள்ளே ஏறி இறங்கும் கட்டைக்கு இலங்கைப் பாடநூல்கள் முசலம் என்று பெயர் சூட்டின. முசலம் என்றால் உலக்கை. எத்துணைப் பொருத்தமான சொல்! பட்டறையில் அதனைப் பிஸ்டன் என்பர். முசலம் கீழே இறங்கும்போது காற்றும் பெற்றோல் ஆவியும் உள்ளே வரும், இது உறிஞ்சல். மேலே ஏறும்போது அக்கலவை நெருக்கப்படும். உச்சியை நெருங்குகையில் மின்பொறி பாய, கலவை எரிந்து விரிந்து முசலத்தைக் கீழே தள்ளும். வலு கிடைப்பது இந்த ஓர் அடிப்பில் மட்டுமே. மீண்டும் ஏறும்போது எரிந்த புகை வெளியேறும். நான்கு அடிப்பில் ஒன்றுதான் உழைக்கிறது. மற்ற மூன்றையும் பறப்புச் சில்லின் வேகம் இழுத்துச் செல்கிறது.

இடியப்ப உரலில் கட்டை தளர்வாக இருந்தால் என்ன நிகழும்? மா கீழே இறங்காமற் பக்கங்களால் மேலே பிதுங்கி வரும். அம்மாமாரைக் கேட்டால் சொல்வார்கள். எஞ்சினிலும் அவ்வாறே. மா பிதுங்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் என்றால், வாயு பிதுங்கும் இடைவெளி அதனிலும் எத்தனையோ மடங்கு சிறியது. ஆகவே எஞ்சின் செய்வது என்பது பெருமளவில் இந்த இடைவெளியைச் செய்வதுதான். இரும்பு கடையிற் கிடைக்கும். இடைவெளி எங்கும் விற்பனைக்கு இல்லை.

எமது எஞ்சினின் உருளைத் துவாரம் 25 மில்லிமீற்றர் விட்டம். முசலம் ஏறி இறங்கும் தூரம் 30 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் கொள்ளளவு ஏறத்தாழ 14.7 கனசென்ரிமீற்றர். ஊரில் எல்லோரும் ஓடிய 90 மோட்டார் சைக்கிளின் ஆறிலொரு பங்கு எனலாம். முசலத்துக்கும் உருளைக்கும் இடையில் நாம் வேண்டிய இடைவெளி 0.015 மில்லிமீற்றர். தலைமயிரின் தடிப்பை 0.07 மில்லிமீற்றர் என்று கொண்டால், அதன் ஐந்திலொரு பங்கு.

உருளையை வார்ப்பிரும்பிற் செய்தோம். வார்ப்பிரும்பில் காரீயம், அதாவது பென்சிற் கரி, நுண்ணிய இதழ்களாகக் கலந்திருக்கிறது. அதனால் அது தானே ஓரளவு வழுக்கும் தன்மை உடையது. கடையும்போது சுருளாக வராமற் கருந்தூளாக உதிரும். அன்று நிலவறையிலிருந்து ஏறிவந்த மூவரின் மூக்கும் கறுத்திருந்தன. அத்தூள் லேத்தின் தளத்தைத் தேய்த்துவிடும் என்பதால் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து மூடிவைத்தார் தந்தையார்.

தண்டை லேத்தின் பிடிவாயில் பூட்டி, முதலிற் சிறிய துளை, பின் அதனிலும் பெரியது என்று 20 மில்லிமீற்றர் வரை துளைத்தோம். அதற்கு மேல் துளைகருவி உதவாது. துளைகருவி தான் போன வழியே போகும், நேராகப் போகாது. எனவே உள்ளே நுழைந்து சுவரைச் சுரண்டும் மெல்லிய ஒற்றைமுனைக் கருவியால் சிறிது சிறிதாக அகலித்தோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீண்டு மெலிந்த கருவி இரும்பிற் பட்டதும் சற்றே வளையும். கண்ணுக்குத் தெரியாது. வாயிலில் அகலமும் உள்ளே ஒடுக்கமுமாகத் துவாரம் அமைந்துவிடும். ஆகவே இறுதியில், கருவியை ஒரு நூலளவும் முன்னே நகர்த்தாமல், அதே வழியில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஒவ்வொரு முறையும் சிறிது தூள் உதிர்ந்தது. நகர்த்தாத கருவி எதை வெட்டுகிறது என்று மகன் கேட்டான். "முதலில் வளைஞ்சு விட்டதை இப்ப வந்து எடுக்குது" என்றார். தாளில் ஒரே வாக்கியம் எழுதியவன் கேட்ட முதற் கேள்வி அது.

முசலத்தையும் வார்ப்பிரும்பிலேயே செய்தோம். கார்களில் அலுமினிய முசலம் அல்லவா என்று அறிந்தோர் வினவக்கூடும். அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 150 பாகை வெப்பம் கூடினால் 25 மில்லிமீற்றர் அலுமினியம் 0.086 மில்லிமீற்றர் தடிக்கும், வார்ப்பிரும்பு 0.041 தான். அந்த வித்தியாசமே நாம் விட்ட இடைவெளியின் மூன்று மடங்கு. அலுமினிய முசலம் தடித்து உருளைக்குள் இறுகிவிடும். அதனால்தான் கார்களில் இடைவெளியைக் கூடுதலாக விட்டு, அதனை அடைக்க வளையங்கள் போடுகிறார்கள். முசலமும் உருளையும் ஒரே உலோகமாயின் இரண்டும் ஒருங்கே விரியும். வளையம் இன்றியே சமாளிக்கலாம்.

இவ்விடத்தில் எமது அவமானம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நுண்மானித் திருகுக் கணிச்சியைப் பற்றி ஊரில் பல ஆண்டுகள் கற்பித்தவர்கள் நாம். திருகின் புரியிடைத் தூரம் அரை மில்லிமீற்றர், சுற்றுமுகத்தில் 50 பிரிவுகள், ஆகவே இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர் என்று கரும்பலகையிற் படம் கீறி விளக்காத ஆண்டு இல்லை. ஆயினும் முசலம் கடைந்து முடிந்த கையோடு, கணிச்சியை வைத்து அளந்து, "சரியாக வந்துவிட்டது" என்று நாமே அறிவித்தோம். தந்தையார் ஒன்றும் பேசாமல் முசலத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து வந்து மீண்டும் அளக்கச் சொன்னார். 0.01 மில்லிமீற்றர் குறைந்திருந்தது! கடையும்போது ஏறிய சூட்டில் அது விரிந்திருந்தது, ஆறியதும் சுருங்கிவிட்டது. 40 பாகைச் சூட்டுக்கு அவ்வளவு போதும். வெப்ப விரிவையும் நாம் கற்பித்திருக்கிறோம். ஆனால் அது வேறு அத்தியாயம், வேறு தவணை. இரண்டும் ஒரே இரும்புத் துண்டில் ஒரே நேரத்தில் வாழ்கின்றன என்பதை அந்த நிலவறையிற்றான் கண்டோம். முசலத்தை மறுபடியும் புதிதாகக் கடைந்தோம்.

கடைந்த துவாரம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அதன் சுவரில் கருவி உழுத வரிகள் இருக்கும். அவற்றைத் தேய்த்து நீக்க வேண்டும். அதற்கான முறை விந்தையானது. உருளையைவிட மென்மையான அலுமினியத்தில் ஒரு கோல் கடைந்து, நீளவாட்டில் பிளந்து, திருகாணியால் சற்றே விரியுமாறு செய்துகொள்வார்கள். அதன்மேல் அரைக்கும் பசையைப் பூசி உருளைக்குள் விட்டு, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே சுழற்ற வேண்டும். மெல்லிய அலுமினியம் எப்படி வல்லிரும்பைத் தேய்க்கும்? பசையில் உள்ள கூர்மணிகள் மென்மையான உலோகத்திற் சென்று பதிந்துகொள்கின்றன. பதிந்தபின் எதிரே உள்ள வலிய உலோகத்தை வெட்டுகின்றன. தேய்வது வலியதுதான். இந்த வேலை முழுவதும் மகனுடையது. எத்தனை இழுவை என்று எண்ணத் தொடங்கியவன் நானூறில் எண்ணுவதை விட்டுவிட்டான். இடையிடையே மண்ணெண்ணெயில் கழுவி, நுண்ணிய பசைக்கு மாறி, கடைசியிற் சவுக்காரமும் சுடுநீரும் இட்டு வெள்ளைத் துணியிற் கறுப்பு வராத வரை துடைத்தோம். ஒரு மணி உள்ளே தங்கினாலும் எஞ்சின் ஓடும்போது தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

பொருத்தம் சரியா என்று பார்ப்பதற்குக் கணிச்சி வேண்டியதில்லை. முசலத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி, உருளையின் அடிவாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேலே விட வேண்டும். உள்ளே அகப்பட்ட காற்று தப்ப வழியின்றி முசலம் அந்தரத்தில் நிற்கும். கையை எடுத்ததும் மெல்ல இறங்கி விழும். எமது முசலம் நின்றது. மகன் கையை எடுத்து எடுத்து மூடி, அன்றிரவு உணவுக்கு அழைக்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தான்.

வணரித் தண்டு, அதாவது கிராங், எமக்குப் பெருந்தொல்லை கொடுத்த பாகம். முசலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது அது. நடுவில் உள்ள முளை, தண்டின் மையத்திலிருந்து 15 மில்லிமீற்றர் விலகி நிற்க வேண்டும். அதன் இரு மடங்கே 30 மில்லிமீற்றர் அடிப்பு. ஒரே உருக்குப் பட்டையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு மையக் குழிகள் இட்டு, ஒரு சோடிக் குழிகளில் தாங்கி முளையையும், மறு சோடியில் தாங்கித் தண்டையும் கடைவார்கள். பட்டை லேத்திற் சமநிலையின்றிச் சுழல்வதால், கருவி ஒரு சுற்றில் பாதி நேரம் காற்றையும் பாதி நேரம் இரும்பையும் வெட்டும். டக், டக், டக் என்று சுத்தியல் அடிப்பது போன்ற ஓசை. ஒருமுறைக்கு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்குக்கு மேல் வெட்டத் துணிதல் கூடாது.

கடையில் இரண்டு வகை உருக்குப் பட்டை இருந்தன. ஒன்று வெள்ளிபோற் பளபளத்தது. மற்றது கரிபடிந்து கறுத்திருந்தது. நாம் பளபளத்ததை வாங்கினோம். தந்தையார் வேலைக்குப் போயிருந்த ஒரு மாலையில், அவரிடம் சொல்லாமல், நடுவில் உள்ள மிகுதி உலோகத்தை வாளால் அறுத்தும் விட்டோம். மறுவாரம் லேத்தில் ஏற்றிச் சுழற்றியபோது தண்டு நொண்டியது. நேரான பட்டை தானாகவே வளைந்திருந்தது. பளபளப்பான பட்டை குளிர்ந்த நிலையில் அழுத்தி இழுக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் இறுக்கம் பூட்டிக் கிடக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும்வரை நேராக இருக்கும். ஒரு பக்கத்தை அறுத்தால் மறு பக்கம் வென்றுவிடும். "பளபளப்பான இரும்பு உள்ளுக்கை முறுகிக்கொண்டு இருக்கும் மாஸ்டர். கறுப்பன் ஒழுங்கானவன்" என்றார். கறுத்த பட்டை செந்தணலாய்ச் சூடேறிய நிலையில் உருட்டப்பட்டு ஆறியது. அதனுள் அத்தகைய இறுக்கம் மிகக் குறைவு. இரண்டாவது தண்டை அவர் கடைய நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். முளையின் இருபுற இதழ்களுக்கும் நடுவே இறுக்கமாக ஓர் உலோகக் கட்டையைச் செருகிக்கொண்டார். இல்லாவிடில் இரு முனைகளிலிருந்தும் நெருக்கும்போது தண்டு மடியும்.

மற்றப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். பற்சில்லுகளையும் மின்பொறிப் பிளக்கையும் கடையில் வாங்கினோம். பல் வெட்டும் அளவுக்கு எமக்குத் துணிவில்லை. வால்வுகளைத் திறக்கும் தண்டு, வணரித் தண்டின் அரைவாசி வேகத்திற் சுழல வேண்டும் என்பதால் ஒன்றுக்கு 20 பற்கள், மற்றதற்கு 40. வால்வு, சிறிய காளானைப் போன்றது. அதன் தலை 45 பாகைச் சரிவில் ஆசனத்தில் அமர வேண்டும். அமரும் வளையத்தின் அகலம் அரை மில்லிமீற்றர் போதும். அகலம் கூடினால் அடைப்புக் கூடும் என்று நினைப்பது தவறு. குறுகிய விளிம்பே நன்றாக அடைக்கும். சோதனை எளியது: வாயிலிற் சிறு இறப்பர்க் குழாயைப் பொருத்தி வாயால் உறிஞ்சினால், நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளியேற்றல் வால்வு உடனே ஒட்டியது. உள்ளெடுக்கும் வால்வு மூன்றாம் முறை அரைத்த பின்னரே ஒட்டியது.

வைகாசி மாதத்தில் ஒரு மாலை, வீட்டின் பின்வளவில் எஞ்சினைப் பலகையிற் பூட்டி வைத்தோம். நிலவறையில் இதனை ஒருபோதும் ஓட்டலாகாது. எஞ்சின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. கண்ணாடி அணிந்து, பறப்புச் சில்லின் நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று சுழற்றினோம். சுழன்றது, நின்றது. மீண்டும் சுழற்றினோம். மூன்று மாலைகள் இவ்வாறே கழிந்தன. காபரேற்றரின் ஊசியைத் திறந்தால் பெற்றோல் வழிந்து பிளக் நனைந்தது. மூடினால் ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் மாலை தந்தையார் காபரேற்றரைக் கழற்றி ஒருபுறம் வைத்தார். வீட்டுக்குள் சென்று, கழுவிய சிறிய மருந்துப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பெற்றோல் நிரப்பி, மூடியிலிட்ட ஊசித்துளையால் உள்ளெடுக்கும் வாயிலில் இரண்டு துளி விட்டு, சில்லைச் சுழற்றினார். டப் என்றது. மகன் துள்ளி எழுந்தான்.

"அப்பா, இது எங்கே படிச்சீங்கள்?"

அவர் பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. கிடைத்த சிறிதளவு பெற்றோல் சிறு போத்தல்களில் பொன்விலைக்கு விற்றது. மோட்டார் சைக்கிளும் பழைய ஏ40 காரும் தோட்டத்து இறைப்பு மிசினும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே முதலில் போத்தலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க் கலவை நெருக்கத்தைத் தாங்காமல் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். அதனைத் தவிர்க்க உருளைக்கும் தலைக்கும் நடுவே தடித்த அடைப்பு வைத்து நெருக்கத்தைக் குறைப்பார்கள். பிளக்கில் கரி படியும். நாளாந்தம் கழற்றி உரஞ்ச வேண்டும். அக்காலத்தில் இவர் பதினைந்து வயதில், ஊரில் ஒரு கராச்சில் எடுபிடி. பிளக் உரஞ்சுவதே முதல் வேலை. பிறகு துளி விடும் வேலை. தேய்ந்த பாகத்துக்குப் புதியது வராது என்பதால், கடைந்து செய்துகொள்வதைப் பார்த்துப் பார்த்து லேத்தில் கைவைத்தார்.

நாமும் அந்த மண்ணெண்ணெய்ப் புகையை முகர்ந்தே பள்ளிக்கூடம் போனவர்கள். கிளாரா போர்ட் குசினியில் துளி விட்ட கதையை மகனுக்கு முன்னரே சொல்லியிருந்தோம். அதே வேலையைத் தன் தந்தை செய்திருக்கிறார் என்று அவன் அன்றுதான் அறிந்தான். இதனையெல்லாம் ஏன் முன்பு சொல்லவில்லை என்று கேட்டான். "நீ கேட்கேல்லை" என்றார் அவர். பிறகு, "நானும் சொல்லேல்லை" என்றார்.

துளி விட்டதால் ஒன்று தெளிவாயிற்று. எரிபொருள் சரியாக இருந்தும் எஞ்சின் ஒரு டப்புடன் நின்றதென்றால் குற்றம் வேறிடத்தில் இருக்க வேண்டும். பற்சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, நாம் அதனை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தது தெரிந்தது. 40 பல்லில் ஒரு பல் என்பது 9 பாகை. வணரித் தண்டில் அது 18 பாகை. வால்வுகளும் அதே தண்டிலிருந்து இயங்கிய பொறியும் அவ்வளவு பிந்தியிருந்தன. சரிசெய்து, காபரேற்றரையும் மீண்டும் பூட்டிச் சுழற்றினோம். முதலில் நாற்பது வினாடி ஓடியது. பிறகு ஊசியைச் சற்றே திருகியதும் மூன்று நிமிடம் ஓடியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 சுற்று எனக் கொண்டால், முசலம் வினாடிக்கு இருபது தடவை ஏறி இறங்கியது. பொறி பத்துத் தடவை பாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மிசினென்று எண்ணி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

இந்த எஞ்சின் ஆண்டு விழா அன்று மண்டப வாயிலின் இடப்புற மேசையில் வைக்கப்பட்டிருக்கும். மண்டபத்துக்குள் எரிபொருளுக்கு அனுமதி இல்லை, ஆகவே ஓடாது. பிளக்கைக் கழற்றி வைத்திருப்போம். அந்தத் துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு மறு கையால் சில்லைச் சுழற்றினால், நெருக்கிய காற்று விரலைத் தள்ளுவதை உணரலாம். சிறுவர்கள் பெற்றோருடன் வரவும். தந்தையார் இரவு வேலை முடித்துப் பத்து மணிக்கு மேல்தான் வருவார்; கடைசல் தொடர்பான கேள்விகளை அவர் வந்தபின் கேட்பது நல்லது, ஏனெனில் அதுவரை மேசையில் நிற்பவர் நாமே. விளக்கம் சொல்ல அந்த மாணவனும் நிற்பான். விரலில் எண்ணெய் படியும், கைக்குட்டை கொண்டுவருக.